7/25 என்று பென்சிலில் எழுதிய எட்சிங், கேன்வாஸில் வரும் ஹுசைன்: இரண்டும் ஒன்றா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. சென்னையில் ஒரு குழுக் கண்காட்சியில் இளம் கலைஞர் ஒருவரின் எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து காகிதத்தில் எடுக்கும் அச்சு) உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. அடியில் பென்சிலால் 7/25 என்று இருக்கிறது. விலை 18,000 ரூபாய். அதே வாரம் இணையத்தில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் குதிரைகள் ‘லிமிடெட் எடிஷன், கையெழுத்துடன்’ என்று கேன்வாஸில் 9,000 ரூபாய்க்கு வருகிறது. பிரிண்ட் என்றால் நகல்தானே, பெயர் தெரியாத ஒருவரின் நகலுக்கு ஹுசைனைப்போல் இரண்டு மடங்கு ஏன் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். விலையைக் கேட்பதுபோல் இருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: இந்தக் காகிதத்துக்கு மூலமான ‘அசல்’ ஒன்று வேறெங்காவது மாட்டியிருக்கிறதா என்பது. அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படத்துக்கு அப்படி ஒரு அசல் கிடையாது. கலைஞர் வரைந்தது துத்தநாகத் தகட்டிலோ செம்புத் தகட்டிலோ. அந்தத் தகடு கருவிதான். அதைச் சுவரில் மாட்டினால் மங்கலான கீறல்கள் தெரியும், படம் இடவலம் மாறி இருக்கும். படம் முதன்முதலில் படமாகத் தெரிவதே மை ஏறிய காகிதத்தில்தான். அப்படி வந்த 25 காகிதங்களும் சேர்ந்ததுதான் அந்தப் படைப்பு. உங்களுக்குக் கிடைப்பது அதில் ஒன்று. இரண்டாவது படத்தில் ஹுசைன் தூரிகையால் தீட்டிய ஓவியம் வேறெங்கோ இருக்கிறது. அதைப் புகைப்படம் எடுத்து, இங்க்ஜெட் இயந்திரத்தில் கேன்வாஸ் துணியில் அடித்திருக்கிறார்கள். எத்தனை அழகாக அடித்தாலும் அது ஓவியத்தின் படம்தான். இந்த வித்தியாசம் உறுதியானது. இதற்கு மேல் வருவனவற்றில் சில உறுதியானவை, சில அபிப்பிராயம். எது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு எட்சிங் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், கையில் எடுத்த காகிதத்தில் எதைத் தேட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். தகட்டின் நாலு ஓரங்களையும் முதலில் அரத்தால் சாய்வாக ராவுவார்கள். ராவாவிட்டால் பிரஸ்ஸின் அழுத்தத்தில் கூரான ஓரம் காகிதத்தையும் மேலே விரித்திருக்கும் ஃபெல்ட் கம்பளியையும் வெட்டிவிடும். பிறகு சாக்பொடியும் அமோனியாவும் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். விரல்ரேகை அளவு பிசுக்கு மிஞ்சினாலும் அடுத்துப் பூசும் பூச்சு அந்த இடத்தில் பிடிக்காமல் உரியும். அஸ்ஃபால்ட், தேன்மெழுகு, ரோசின் என்ற மரப்பிசின் சேர்ந்த அந்தப் பூச்சுக்கு கிரவுண்ட் என்று பெயர். அது காய்ந்ததும் ஊசியால் வரைகிறார்கள். ஊசி பூச்சைக் கீறி உலோகத்தை வெளிக்காட்டினால் போதும், உலோகத்தைத் தோண்ட வேண்டியதில்லை. தோண்டுவது அமிலத்தின் வேலை.

துத்தநாகத்துக்கு நைட்ரிக் அமிலம். ஒரு பங்கு அமிலத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு பங்கு வரை தண்ணீர். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கோடுகளின் மேல் கிளம்பும் குமிழிகளை இறகால் தடவி விலக்கிக்கொண்டே இருப்பார்கள். குமிழி உட்கார்ந்த இடத்தில் அமிலம் படாமல் கோடு விட்டுவிட்டு அரிபடும். செம்பு என்றால் ஃபெரிக் குளோரைடு. அதில் புகை இல்லை, ஆனால் வண்டல் கோட்டுக்குள் தங்கும் என்பதால் தகட்டைக் கவிழ்த்தோ செங்குத்தாகவோ வைப்பார்கள். மெல்லிய கோடு வேண்டிய இடத்தைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்து வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு, கறுப்பாக வேண்டிய இடத்தை மட்டும் மறுபடி அமிலத்தில் விடுவார்கள். வானம், தோல், நிழல் மாதிரிப் பரந்த சாம்பல் நிறங்களுக்கு அக்வாடின்ட். ரோசின் பொடியைத் தூசாகத் தூவி, தகட்டை அடியிலிருந்து சூடாக்கி, துகள்கள் உருகி ஒட்டிக்கொண்டதும் அமிலத்தில் விட வேண்டும். துகள்களுக்கு இடையே அரிக்கும் நுண்ணிய பள்ளங்கள்தான் அச்சில் சாம்பலாக வருகின்றன. வெளிர் சாம்பலுக்குச் சில விநாடி, அடர்கறுப்புக்குப் பல நிமிடம். சூடு குறைந்தால் துகள் ஒட்டாமல் மிதந்துபோகும். மிஞ்சினால் உருகி ஒன்றோடொன்று சேர்ந்து வழுவழுப்பான ஏடாகிவிடும். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் துகள்களுக்கு அடியிலுள்ள மேடுகளும் கரைந்து, கறுப்பு வர வேண்டிய இடத்தில் மை நிற்காத வழுக்கைத் திட்டு வரும்.

இதெல்லாம் தகடு தயாராகும் வரைதான். ஒவ்வொரு காகிதத்துக்கும் தனி உழைப்பு இருக்கிறது. தகட்டைச் சற்றே சூடாக்கி, கெட்டியான மையைப் பள்ளங்களுக்குள் திணித்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் மேற்பரப்பைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார்கள். கடைசியில் உள்ளங்கையில் சாக்பொடி தடவிக்கொண்டு ஒரு துடைப்பு. அழுத்தித் துடைத்தால் பள்ளத்தில் இருக்கும் மையும் வந்துவிடும். லேசாகத் துடைத்தால் படம் முழுக்கப் புகை மூட்டம். காகிதம் பருத்தியில் செய்தது, 250 முதல் 300 கிராம் கனம். அரை மணி நேரமோ அதற்கு மேலோ தண்ணீரில் ஊறவைத்து, உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். மேலே தண்ணீர் மினுமினுத்தால் அங்கே மை ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழும். காய்ந்துபோயிருந்தால் காகிதம் பள்ளத்துக்குள் இறங்காது, மெல்லிய கோடுகள் உடைந்து வரும். நடுத்தர அளவுத் தகடு ஒன்றை நன்றாகத் துடைத்து ஒரு அச்சு எடுக்க அரை மணிக்குக் குறையாது; இரண்டு மூன்று தகடுகளில் வண்ணம் சேர்த்தால் ஒரு நாளில் நாலைந்து அச்சு வந்தாலே நல்ல நாள். வந்தவற்றில் முதலில் ஒப்புக்கொண்ட மாதிரி அச்சோடு பொருந்தாதவற்றைக் கிழித்துப்போட வேண்டும். நீங்கள் பார்த்த 18,000 ரூபாயில் இந்த வேலையின் பங்கு கணிசமானது.

அந்த 7/25க்கு வருகிறேன். 25 என்பது கையெழுத்திட்டு விற்கும் மொத்த அச்சுகளின் எண்ணிக்கை; அந்தத் தொகுதிக்குத்தான் எடிஷன் என்று பெயர். 7 இந்தக் காகிதத்தின் எண். ஏழாவதாக அச்சானது என்று அதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். காய்ந்தபின் மொத்தமாக அடுக்கி எண் போடுவதால் வரிசை மாறிவிடும். அதனால் 1/25 உசத்தி, 25/25 மட்டம் என்று யாராவது விலை வைத்தால் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு டிரைபாயின்ட். அமிலம் இல்லாமல் ஊசியாலேயே உலோகத்தைக் கீறும் முறை அது. கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட்போல ஒரு கறுப்பைத் தரும். பிரஸ்ஸில் போகப்போக அந்தப் பிசிறு நசுங்கிவிடும். பத்துப் பதினைந்து அச்சுக்குமேல் அந்த அழகு நிற்பதில்லை. அங்கே முந்திய அச்சுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. ஆனால் எண்ணை நம்பாமல் கறுப்பைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ஏ.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது கலைஞர் தனக்கென்று வைத்துக்கொண்ட அச்சு. எடிஷனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அப்படி எடுத்துக்கொள்வது வழக்கம். டி.பி. என்றால் வேலை நடுவே எடுத்துப் பார்த்த சோதனை அச்சு. 25 எடிஷனுக்கு 15 ஏ.பி. இருக்கிறது என்றால், 40 எடிஷன் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் என்றால் ஓவியத்துக்குத் தம்பி என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது; அதற்குக் காரணமும் இருக்கிறது. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம், தைல ஓவியங்களை நிறத்துக்கு ஒரு கல்லாகப் பிரித்து வரைந்து, ஓலியோகிராஃப்களாக, அதாவது தைல ஓவியம்போல் தோன்றும் வண்ண அச்சுகளாக, வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. லட்சுமியும் சரஸ்வதியும் பூஜை அறைக்கு வந்த வழி அது. அங்கே அச்சு என்பது ஓவியத்தைப் பரப்பும் வழி. ஆனால் அச்சையே தன் மொழியாகக் கொண்ட கலைஞர் வரிசை ஒன்று இந்தியாவில் நூறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. 1916இல் தாகூரோடு பயணம் புறப்பட்ட முகுல் டே அமெரிக்காவில் எட்சிங் கற்றுத் திரும்பினார். வங்கப் பஞ்சத்தைப் பார்த்த சித்தபிரசாத், மரத்தைவிட மலிவான லினோலியத்தை வெட்டி, உழைப்பாளிகளின் முகங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டார். பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவிலிருந்து ஜோதி பட்டும், அங்கே படித்த லக்ஷ்மா கௌடும் எட்சிங்கில் கிராமத்தையும் உடலையும் வரைந்தார்கள். தேவகோட்டையில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஆர்.எம். பழனியப்பன் எண்கள், வரைபடக் கோடுகள், பறத்தலின் தடங்கள் இவற்றையே அச்சின் பொருளாக்கினார். ஓவியராகப் பெயர் வாங்கிவிட்டுப் பிறகு பிரிண்ட் போட்டவர்கள் இல்லை இவர்கள். தகடும் கல்லும் மரமும்தான் இவர்களுக்குச் சிந்திக்கும் இடம்.

இந்த வரிசையில் இரண்டு பேரைச் சற்று நின்று பார்க்க வேண்டும், அசல் எது என்ற உங்கள் கேள்விக்கு அவர்களின் தொழில்முறையே பதில் சொல்கிறது என்பதால். சோம்நாத் ஹோர் 1970களில் செய்த ‘காயங்கள்’ வரிசையில் மையே கிடையாது. களிமண் தளத்தைக் கத்தியால் கீறி, சூடான கம்பியால் குத்தி, அந்தத் தளத்திலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அதன்மேல் காகிதக் கூழைப் பரப்பி அழுத்தினார். காய்ந்து உரிந்து வருவது வெள்ளைக் காகிதம். அதில் வெள்ளையாகவே ஒரு வெட்டு, ஒரு துளை, ஓரம் பிதுங்கிய ஒரு தழும்பு. பக்கவாட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் படமே தெரியாது. இதற்கு மூல ஓவியம் என்று எதைக் காட்ட முடியும்? புகைப்படம் எடுத்து இங்க்ஜெட்டில் அடித்தால் சாம்பல் நிழல்தான் வரும், காயம் வராது.

இன்னொருவர் கிருஷ்ணா ரெட்டி. சித்தூர்ப் பக்கம் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, சென்னைக் கலாக்ஷேத்ராவில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, பாரிஸில் அச்சுக்கலைஞர் ஸ்டான்லி வில்லியம் ஹெய்டரின் ‘அட்டலியே 17’ பட்டறையில் சேர்ந்தார். ஒரே தகட்டில் பல நிறங்களை ஒரே அழுத்தலில் எடுக்கும் விஸ்காசிட்டி முறை அங்கேதான் உருவாயிற்று. அதை உருவாக்கியவர்களில் இவர் முக்கியமானவர். தகட்டைப் பல ஆழங்களில் செதுக்க வேண்டும். மிக ஆழமான பள்ளங்களில் வழக்கம்போல மை திணித்துத் துடைத்தபின், எண்ணெய் அதிகம் கலந்த இளகிய மையைக் கெட்டி ரோலரால் உருட்டினால் அது மேட்டில் மட்டும் ஒட்டும். அடுத்து எண்ணெய் குறைந்த கெட்டி மையை மெத்தென்ற ரோலரால் உருட்டினால், ரோலர் நசுங்கி இடைப்பட்ட ஆழம் வரை இறங்கி அங்கே மையை விடும். மேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்ப் பசையுள்ள மையோ இந்த மையை ஏற்காமல் தள்ளிவிடும். நிறங்கள் கலங்காமல் அடுத்தடுத்து நிற்பதற்கு இதுதான் காரணம். இரண்டு மையின் எண்ணெய் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் எல்லாம் சேறாகிவிடும். எண்ணெயில் சில சொட்டு கூடுதல் குறைவு, ரோலரின் வேகம், அறையின் வெப்பம் எல்லாம் நிறத்தை மாற்றுவதால், ஒரே எடிஷனின் இரண்டு காகிதங்கள் முழுக்க ஒன்றாக இருப்பது அரிது. உங்களுக்குப் பிடித்த எட்சிங்கின் 7ஆம் அச்சுக்கும் 8ஆம் அச்சுக்கும் லேசான வித்தியாசம் தெரிந்தால் பதற்றப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மயிரிழைகூட மாறாமல் 25ம் ஒன்றுபோல இருந்தால்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

சரி, கையில் எடுத்துச் சோதிக்கும் முறை. நகைக்கடையில் வைத்திருக்கும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்திலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு மேலே வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதலில் நிறம் மாறும் இடத்தில் லூப்பை வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்ட வட்டமாக ஒழுங்காக அடுக்கியிருந்தால் அது ஆஃப்செட், அதாவது காலண்டர் அச்சிடும் முறை. ஒழுங்கில்லாமல் தூவிய மிக நுண்ணிய வண்ணத் துளிகள் என்றால் இங்க்ஜெட். விற்பவர் அதை ஜிக்லே என்று சொல்வார். எட்சிங்கில் புள்ளிக்குப் பதிலாகக் கோட்டில் மை மேடாக நிற்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் மேட்டின் நிழல்கூடத் தெரியும். அக்வாடின்ட் பகுதியில் ஒழுங்கற்ற வெள்ளைப் பொட்டுகளைச் சுற்றி மை ஓடியிருக்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் ஓரம் அமுங்கிய பள்ளம் இருக்க வேண்டும். அதை மட்டும் வைத்து நம்பிவிடவும் கூடாது. ஆஃப்செட் தாளில் வெறும் தகட்டை வைத்து அழுத்தி அந்தப் பள்ளத்தைப் போலியாக உண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள்: உண்மையான எட்சிங்கில் ஆழமான கோடுகள் பின்பக்கம் லேசாகக் குழிந்து தெரியும். போலியில் ஓரம் மட்டும் அமுங்கி, உள்ளே சமதளமாக இருக்கும்.

மற்ற முறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வுட்கட் (மரத்தை வெட்டி எடுக்கும் அச்சு), லினோகட் (லினோலியத்தை வெட்டி எடுக்கும் அச்சு) இரண்டிலும் மேட்டில் இருக்கும் மை அச்சாவதால், அழுத்தத்தில் பிதுங்கி வடிவத்தின் ஓரத்தில் அடர்ந்த விளிம்பு கட்டும். கல்லில் வரைந்து அச்செடுக்கும் லித்தோவில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. கிரேயான் காகிதத்தில் உரசினதுபோல ஒழுங்கற்ற பொரி தெரியும். ஸ்கிரீன் பிரிண்ட்டில், அதாவது செரிகிராஃபில், ஒவ்வொரு நிறமும் தனிப் படலமாகக் காகிதத்தின் மேலே உட்கார்ந்திருக்கும். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் விரலால் தடவாமல் கண்ணாலேயே படலத்தின் கனத்தைப் பார்க்கலாம்.

இனி கையெழுத்து. பென்சில் கையெழுத்தைச் சாய்த்துப் பிடித்தால் கிராஃபைட் மினுங்கும், அழுத்திய தடம் இருக்கும். லூப்பில் அந்தக் கையெழுத்தே புள்ளிகளாக உடைந்தால் அது படத்தோடு சேர்ந்து அச்சானது. ‘கையெழுத்துடன்’ என்று விளம்பரம் செய்யும் கேன்வாஸ் படங்களில் பெரும்பாலும் இருப்பது ஓவியர் மூல ஓவியத்தில் போட்ட கையெழுத்தின் புகைப்படம்தான். ஹுசைன் 2011 ஜூனில் காலமானார். அதற்குப்பின் அச்சான எதிலும் அவர் கையால் போட்ட கையெழுத்து இருக்க வழியில்லை. அச்சான ஆண்டைக் கேட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். அவர் உயிரோடிருந்தபோது அவர் ஒப்புதலோடு நல்ல செரிகிராஃப்கள் வந்தன, பென்சிலில் கையெழுத்திட்டவை. அவற்றைச் சேகரிப்பாளர்கள் மதிக்கவும் செய்கிறார்கள். ஒன்பதாயிரத்துக்கு வருவது அவற்றில் ஒன்றாக இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு எல்லை உண்டு. எந்த முறையில் அச்சானது என்பதை லூப் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லிவிடும். யார் அச்சிட்டார், பென்சில் யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாது. கையெழுத்தை மொபைலில் படம்பிடித்து அனுப்பி ‘இது அசலா’ என்று கேட்பவர்களுக்கு யாராவது உறுதியாகப் பதில் சொன்னால், அந்தப் பதிலை நம்ப வேண்டாம். பெரிய பெயர்களில் போலி எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும்: 2009இல் டெல்லியில் ஓவியர் எஸ்.எச். ராசாவின் ஆரம்பகாலப் படைப்புகள் என்று ஒரு கண்காட்சி. அதைத் திறந்துவைக்க வந்த ராசாவே, சுவரில் இருந்தவற்றில் பெரும்பாலானவை தன்னுடையவை இல்லை என்று அங்கேயே சொன்னார். அவர் உயிரோடிருந்ததால் அது வெளிவந்தது. விற்பவரே அச்சடித்துத் தரும் உண்மைச் சான்றிதழுக்கு, சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார் என்பதைத் தாண்டி எந்த மதிப்பும் இல்லை. இந்த விஷயத்தில் உயிரோடிருக்கும் இளம் கலைஞரிடம் வாங்குவது பாதுகாப்பானது. ‘தகடு இன்னும் இருக்கிறதா, எந்தப் பட்டறையில் அச்சிட்டீர்கள், எத்தனை ஏ.பி. எடுத்தீர்கள்’ என்று அவரிடமே கேட்கலாம். தகட்டைக் காட்டச் சொன்னாலும் தப்பாக நினைக்க மாட்டார். பெரும்பாலும் சந்தோஷமாகக் காட்டுவார். சென்னையில் கிரீம்ஸ் சாலையிலிருக்கும் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கிராஃபிக்ஸ் பட்டறை இருக்கிறது. அங்கே ஒருமுறை போய்ப் பிரஸ் உருளுவதைப் பார்த்துவிட்டால், நான் மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

விலை நியாயமா என்ற கேள்விக்குக் கறாரான பதில் கிடையாது. இது என் மதிப்பீடு. அதே கலைஞரின் அதே அளவு ஓவியம் என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். பிரிண்ட் அதில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் எனக்கு நியாயமாகப் படுகிறது. பாதியைத் தாண்டினால் காரணம் கேட்பேன். எடிஷன் 25 என்பது நல்ல அடக்கமான எண். பிற்காலத்தில் விலை ஏறுமா என்பதை யாரும் சொல்ல முடியாது. ஏலங்களில் கோடிகளில் போகும் இந்தியப் பெயர்கள் பெரும்பாலும் கேன்வாஸ் ஓவியத்துக்குத்தான் அந்த விலையைப் பெறுகின்றன. பிரிண்ட்டையே மையமாகக் கொண்டு உலக அருங்காட்சியகங்களுக்குப் போன சரீனா ஹாஷ்மி மாதிரியானவர்கள் குறைவு. 1999இல் அவர் செய்த 36 வுட்கட்கள் கொண்ட தொகுப்பு ஒன்று உண்டு. வீடு, வாசல், எல்லை என்று ஒவ்வொரு உருதுச் சொல்லுக்கும் ஒரு வடிவம். அதன் மதிப்பை உலகம் உணர அவர் எழுபது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலீடாக நினைத்து வாங்குவதாக இருந்தால் இந்த 18,000ஐ வேறெங்காவது போடுங்கள் என்றுதான் சொல்வேன். தினமும் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.

இங்க்ஜெட் என்றாலே மட்டம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். புகைப்படத்தையே கலையாகச் செய்பவர்களுக்கு வேறு மூலம் கிடையாது. கலைஞர் புஷ்பமாலா என். தானே வேடமிட்டு, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, ரவிவர்மாவின் பெண்களையும் பழைய இனவரைவியல் புகைப்படங்களையும் திரும்ப நடித்துப் படமெடுத்த வரிசையில், அச்சான புகைப்படம்தான் படைப்பு. கணினியிலேயே வரைபவருக்கும் அப்படித்தான். அங்கே கேட்க வேண்டியது நிறமி மையா சாய மையா, பருத்திக் காகிதமா, எடிஷன் எத்தனை, வேறு அளவில் இன்னொரு எடிஷன் உண்டா என்பவை. சாய மை வெயில் படும் சுவரில் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். ஓவியத்தைப் பார்த்து வேறொருவர் ஸ்கிரீனில் நிறம் பிரித்து, ஓவியர் மேற்பார்த்துக் கையெழுத்திடும் செரிகிராஃபை எங்கே வைப்பது என்பதில் இந்தத் துறையிலேயே ஒருமித்த கருத்து இல்லை. முறையை மறைக்காமல் சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ஆனால் கலைஞர் தானே தகட்டில் வரைந்த எட்சிங்கின் விலையை அதற்குக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

வாங்கும்போது ரசீதில் இவை இருக்கட்டும்: கலைஞர் பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, முறை, தகட்டின் அளவு, காகிதத்தின் முழு அளவு, எடிஷன் எண், ஏ.பி. எண்ணிக்கை, அச்சிட்ட பட்டறை. காகிதம் உங்களுடையதாகிறதே தவிர காப்புரிமை வருவதில்லை. 1957 காப்புரிமைச் சட்டப்படி அது கலைஞரின் ஆயுள் முழுவதும், அதற்குப்பின் 60 ஆண்டும் அவர் பக்கமே இருக்கும். படத்தை டி-ஷர்ட்டிலோ புத்தக அட்டையிலோ போட அவர் அனுமதி வேண்டும்.

நல்ல பிரிண்ட்கள் பாழாவது பெரும்பாலும் படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும் இடத்தில்தான். படம் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெள்ளை ஓரத்தை வெட்டுவார்கள். தகட்டுப் பள்ளத்துக்கு வெளியே இருக்கும் அந்த ஓரத்தில்தான் எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றன. வெட்டினால் மதிப்பு போயிற்று. சுருக்கம் வராமல் இருக்க முழுவதும் ஃபெவிகால் தடவி ஹார்ட்போர்டில் ஒட்டிவிடுவார்கள். பிறகு பிரிக்கவே முடியாது, பள்ளங்களும் தட்டையாகிவிடும். ஹார்ட்போர்டிலிருக்கும் அமிலம் சில ஆண்டுகளில் காகிதத்தைப் பழுப்பாக்கும், செலோடேப் மஞ்சள் கறை விடும். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அமிலமில்லாத மவுண்ட் அட்டை முன்னும் பின்னும், மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் திசுக்காகிதக் கீல் இரண்டு, கோதுமை ஸ்டார்ச் பசையில். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி. இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் கோத்து மையைப் பிடித்துக்கொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் எப்போதும் அதிகம் என்பதால், மழைநீர் படும் வெளிச்சுவரின் உட்பக்கத்திலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டாதீர்கள். காகிதத்தில் பழுப்புப் பூஞ்சைப் பொட்டுகள் வந்தால் முழுதாகப் போவதில்லை. சட்டத்தின் பின்புறம் நாலு மூலையிலும் சிறு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளிப்பூச்சி முதலில் வருவது அங்கேதான். கடைக்காரர் அமிலமில்லாத அட்டை வைத்திருக்கவில்லை என்றால் அவசரப்பட்டு மாட்ட வேண்டியதில்லை. அது கிடைக்கும் வரை இரண்டு சுத்தமான பருத்திக் காகிதங்களுக்கு நடுவே, சுருட்டாமல், தட்டையாக வைத்திருங்கள்.